பிராங்ஸ் பூங்காவின் இரண்டு கைதிகள்

2005-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில், யானைகளின் அடைப்புக்குள் எட்டடி உயரம், எட்டடி அகலத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தினார்கள். ஜோஷுவா பிளாட்னிக், டயானா ரைஸ், ஃபிரான்ஸ் டி வால் என்ற மூன்று ஆய்வாளர்களுக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று யானைக்குத் தெரியுமா? மாக்சின், பாட்டி, ஹேப்பி என்று மூன்று ஆசியப் பெண் யானைகள் அங்கே இருந்தன. முதலில் கண்ணாடிக்குப் பின்னால் வேறு யானை நிற்கிறதா என்று துழாவிப் பார்த்தன. அடுத்த கட்டமாக அவற்றின் நெற்றியில் ஒரு பக்கம் வெள்ளைச் சாயத்தில் பெருக்கல் குறியும், மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத சாயத்தில் அதேபோல ஒரு குறியும் போட்டார்கள். ஹேப்பி கண்ணாடி முன்னால் நின்று, தும்பிக்கை நுனியால் அந்த வெள்ளைக் குறியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத குறியை அது பொருட்படுத்தவில்லை. மற்ற இரண்டு யானைகளும் குறியைத் தொடவில்லை.

மறு ஆண்டு ஆய்வு முடிவு வெளியானது. மனிதர்கள், மனிதக் குரங்குகள், டால்ஃபின்கள் கொண்ட சிறிய பட்டியலில் யானையும் சேர்ந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஹேப்பியின் வாழ்க்கையில் மட்டும் எந்த மாற்றமும் வரவில்லை.

1970-களின் தொடக்கத்தில் ஆசியக் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட யானை அது. கூடவே வந்த ஆறு குட்டிகளையும் சேர்த்து ஏழுக்கும், ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களை வைத்தார்கள். 1977-இல் ஹேப்பியும் கிரம்பியும் பிராங்ஸுக்கு வந்தன. 2002-இல் பாட்டியும் மாக்சினும் தாக்கியதில் கிரம்பி படுகாயமடைந்தது. பிறகு அது கருணைக்கொலை செய்யப்பட்டது. அடுத்துத் துணையாக இருந்த சாமி என்ற இளம் யானையும் 2006-இல் இறந்தது. அதன்பின் ஹேப்பிக்கும் மற்ற யானைகளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலி இருந்தது. வேலி வழியாகத் தும்பிக்கையை நீட்டித் தொட்டுக்கொள்ள முடிந்தது, கவனிப்பில் குறையில்லை என்பது பூங்கா தந்த பதில். தாயும் பெரியம்மாவும் பாட்டியுமாகக் கூட்டமாகவே வாழும் இனத்தில் பிறந்த உயிருக்கு அந்த வேலி என்னவாக இருந்திருக்கும் என்பதை யாரும் அதனிடம் கேட்க முடியாது.

கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம் என்று முடிவு செய்தார் ஸ்டீவன் வைஸ் என்ற வழக்கறிஞர். அவர் நிறுவிய அமைப்பு 2018-இல் ஹேப்பியின் சார்பாக ஓர் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தது. ஒருவர் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தால் அவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தச் சொல்லும், நம் ஊரிலும் பழக்கமான அதே மனுதான். வைஸுக்கு முன்மாதிரியாக இருந்தது 1772-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமை தப்பி ஓடிப் பிடிபட்டு, ஜமைக்காவில் விற்கப்படுவதற்காகக் கப்பலில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார். அவருக்காக ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அன்றைய வணிகச் சட்டத்தின் கண்ணில் சாமர்செட் ஓர் உடைமை. ஆனால் தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு அவரை விடுவித்தார். வைஸ் இந்த வழக்கைப் பற்றித் தனி நூலே எழுதியவர். நேற்றுவரை பொருளாக இருந்தவர் இன்று நபராக முடியும் என்பதற்குச் சட்டத்தின் சொந்த வரலாறே சாட்சி என்பதுதான் அவருடைய வாதத்தின் அடித்தளம்.

2022 ஜூன் 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5–2 என்ற கணக்கில் மனுவைத் தள்ளுபடி செய்தது. யானை அறிவுள்ளது, இரக்கத்துக்கு உரியது என்பதைத் தலைமை நீதிபதி ஜேனட் டிஃபியோர் மறுக்கவில்லை. ஆனால் ஆட்கொணர்வு மனு மனிதரின் சுதந்திரத்துக்கானது என்றார். யானைக்கு இதைக் கொடுத்தால் வீட்டு நாய், பண்ணை மாடு, ஆய்வுக்கூட எலி என்று கதவு திறந்துகொண்டே போகும், சமூகத்தின் நிலைத்தன்மை குலையும் என்றும் அஞ்சினார். ரோவன் வில்சன், ஜென்னி ரிவேரா என்ற இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அடிமைகள், மணமான பெண்கள், குழந்தைகள் என்று முழு உரிமை இல்லாதவர்களுக்காகவும் இந்த மனு காலம்தோறும் பயன்பட்டதை வில்சன் வரிசையாக எடுத்துக் காட்டினார்.

சட்டத்தில் நபர் என்றால் மனிதர் மட்டும்தான் என்று அமெரிக்கச் சட்டமும் சொல்வதில்லை. நிறுவனம் ஒரு நபர். இதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. பத்தூர் நடராஜர் வழக்கை நினைத்தால் போதும். 1976-இல் தஞ்சை மண்ணில் பத்தூரில் தோண்டும்போது கிடைத்த நடராஜர் செப்புத்திருமேனி, கடத்தப்பட்டு லண்டனுக்குப் போனது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது. சிலையை மீட்க லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியவர்களில் பத்தூர் விசுவநாதர் கோயிலும் ஒரு தரப்பு. ஆங்கிலேய நீதிபதிகள் அதைச் சட்டப்படியான நபராக ஏற்றார்கள். 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார். பாழடைந்து கிடந்த ஒரு கோயிலுக்கு நீதிமன்றத்தில் வழக்காட முடியும் என்றால், சட்ட நபராக இருப்பதற்கும் மூளைக்கும் மொழிக்கும் தொடர்பில்லை என்பது தெளிவு. சமூகம் எதைக் காப்பாற்ற நினைக்கிறதோ அதற்கு அந்தத் தகுதியைத் தருகிறது.

டிஃபியோரின் அச்சத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2015-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் எலெனா லிபரட்டோரி என்ற நீதிபதி, சாண்ட்ரா என்ற ஒராங்குட்டானை மனிதரல்லாத நபர் என்று அறிவித்தார். சாண்ட்ரா 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள மனிதக் குரங்குகள் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2016-இல் அதே நாட்டின் மென்டோசா நகரில் செசிலியா என்ற சிம்பன்சிக்கு ஆட்கொணர்வு மனுவே ஏற்கப்பட்டது. அர்ஜென்டினாவின் சமூக ஒழுங்கு இதனால் குலைந்துவிடவில்லை. அங்கே மாட்டிறைச்சித் தொழில் இன்றும் செழிப்பாகவே நடக்கிறது.

இதுவரை படித்தவருக்கு, மனிதரை மட்டும் மேடையில் ஏற்றி மற்ற உயிர்களைக் கீழே நிறுத்தும் மானுடவாதம் ஒரு பழைய தப்பெண்ணம், அதைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். அப்படி அவசரப்பட முடியாது. காரணம், அதே பிராங்ஸ் பூங்காவில் கண்ணாடிச் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பு அடைபட்டிருந்த இன்னொரு கைதி.

1906 செப்டம்பரில் அந்தப் பூங்காவின் குரங்குக் கூடத்துக்கு வந்தவர்கள் கம்பிகளுக்குப் பின்னால் ஓர் இளைஞரைப் பார்த்தார்கள். பெயர் ஓட்டா பெங்கா. மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோவைச் சேர்ந்தவர். சாமுவேல் வெர்னர் என்ற அமெரிக்கர் அவரை விலைக்கு வாங்கி, 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகக் கொண்டுவந்திருந்தார். கூண்டின் முன்னால் ஒரு பலகை. அதில் அவருடைய வயது, உயரம், எடை, எங்கிருந்து யாரால் கொண்டுவரப்பட்டார் என்ற விவரம், செப்டம்பர் மாதம் முழுக்க ஒவ்வொரு பிற்பகலும் காட்சிக்கு வைக்கப்படுவார் என்ற அறிவிப்பு. கூண்டில் அவருடன் டோஹாங் என்ற ஒராங்குட்டான். அவருடைய ஊர் வழக்கப்படி கூர்மையாக்கப்பட்ட பற்களைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் மொய்த்தது. இயக்குநர் வில்லியம் ஹார்னடே இதை மானுட இனங்களைப் பற்றிய கல்வி என்று நியாயப்படுத்தினார்.

எதிர்த்தவர்கள் நியூயார்க்கின் கறுப்பினப் பாதிரியார்கள். புருக்ளினில் கறுப்பினக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஜேம்ஸ் கார்டன் அவர்களுக்கு முன்னின்றார். எங்கள் இனம் ஏற்கெனவே மிதிபட்டுக் கிடக்கிறது, எங்களில் ஒருவரைக் குரங்கோடு நிறுத்திக் காட்டுகிறீர்கள், நாங்கள் ஆன்மா உள்ள மனிதர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். டார்வினின் கொள்கையை நிரூபிக்கும் காட்சி இது என்பதும் அவரைக் கோபப்படுத்தியது. போராட்டம் பலித்தது. அந்த மாத இறுதியில் ஓட்டா பெங்கா கார்டனின் இல்லத்துக்குப் போனார். பிறகு வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் புகையிலை ஆலையில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும் வழி அடைபட்டபின், 1916 மார்ச்சில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். பூங்காவை நடத்தும் நிறுவனம் 2020-இல்தான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

கார்டனின் கையில் இருந்த ஒரே ஆயுதம் மானுடவாதம். மனிதரை விலங்கிலிருந்து பிரிக்கும் கோடு அழுத்தமாக இருந்ததால்தான் அந்தக் கூண்டு ஓர் அநீதி என்று அவரால் உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. கோட்டை அழித்துவிடலாம் என்று பேசும் தத்துவ ஆசிரியர் யாராயினும் முதலில் அந்தக் கூண்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆப்பிரிக்கர், பழங்குடியினர், யூதர், நம் நாட்டில் தீண்டாமைக்கு ஆளானவர்கள் என்று மிருகத்தோடு ஒப்பிடப்பட்டே ஒடுக்கப்பட்டவர்களின் வரிசை நீளமானது. அவர்களிடம் போய் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடு பெரிதில்லை என்று சொல்வது எளிதல்ல.

விலங்குகள்மேல் அன்பு வைத்தால் மனிதர்கள்மேலும் அன்பு வரும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. ஓட்டா பெங்காவைக் கூண்டில் வைத்த அதே ஹார்னடே, அழிவின் விளிம்பில் இருந்த அமெரிக்கக் காட்டெருமைகளைக் காப்பாற்றிய முன்னோடி. 1907-இல் பிராங்ஸ் பூங்காவிலிருந்து 15 எருமைகள் ரயிலேறி ஓக்லஹோமாவின் புல்வெளிக்குப் போயின. இன்று அங்கே மேயும் மந்தை அவற்றின் வழிவந்தது. பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான மாடிசன் கிரான்ட், 1916-இல் வெள்ளை இனத்தூய்மையைப் போற்றி ஒரு நூல் எழுதினார். நாஜிகளின் இனவாதத்துக்கு அது தீனி போட்டது. எருமை இனம் அழியக்கூடாது என்று துடித்தவர்களுக்கு, கூண்டுக்குள் இருந்த இளைஞரின் முகம் கண்ணில் படவில்லை.

அந்த நாஜிகளின் காலத்திலிருந்தே ஒரு மறுகோணமும் கிடைக்கிறது. பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் இமானுவேல் லெவினாஸ் ஒரு யூதர். 1940-இல் பிரெஞ்சுப் படைவீரராகப் பிடிபட்டு, ஜெர்மனியின் ஹனோவருக்கு அருகில் போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். யூதக் கைதிகள் தனியாகப் பிரிக்கப்பட்டுக் காட்டில் மரம் வெட்ட அனுப்பப்பட்டார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர்களின் பார்வையில் தாங்கள் மனிதர்களாகவே இல்லாமல் போனதைப் பின்னாளில் ஒரு கட்டுரையில் அவர் எழுதினார். எங்கிருந்தோ வந்து முகாமில் ஒட்டிக்கொண்ட ஒரு தெருநாய்க்குக் கைதிகள் பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போதும் மாலையில் வேலை முடிந்து திரும்பும்போதும் அது குதித்துக் குரைத்து அவர்களை வரவேற்றது. சில வாரங்களில் காவலர்கள் அதை விரட்டிவிட்டார்கள். அந்த நாய்க்கு மட்டும்தான் நாங்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் மனிதர்கள் என்கிறார் லெவினாஸ்.

இவ்வளவு எழுதியவரே அடுத்த அடியை எடுத்து வைக்கத் தயங்கினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எதிரில் இருப்பவரின் முகமே நம்மைப் பொறுப்புக்கு அழைக்கிறது என்பது லெவினாஸின் முழுத் தத்துவத்துக்கும் மையம். அப்படியானால் விலங்குக்கு முகம் உண்டா என்று பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் கேட்டபோது, நாய்க்கு ஓரளவு உண்டு என்பதுபோலப் பேசியவர், பாம்புக்கு முகம் உண்டா என்பது தனக்குத் தெரியவில்லை என்று நிறுத்திக்கொண்டார். அவருடைய நண்பர் ஜாக் தெரிதா 1997-இல் ஆற்றிய நீண்ட உரையில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். குளியலறையில் ஆடையின்றி நிற்கும் தன்னைத் தன் வீட்டுப் பூனை பார்த்ததையும், அதன்முன் தனக்கு வெட்கம் வந்ததையும் சொல்லித் தொடங்கிய உரை அது. கதையில் வரும் பூனையில்லை, வீட்டில் நடமாடும் பூனை என்று அழுத்திச் சொன்னார். மேற்கின் பெரிய தத்துவ ஆசிரியர்கள் எல்லாரும் விலங்கைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், விலங்கு தங்களைப் பார்ப்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

பெரும்பாலும் அது உண்மைதான். 17-ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் விலங்குகளை நுட்பமான இயந்திரங்கள் என்றார். அவற்றுக்குப் பேச்சில்லை என்பதைச் சிந்தனை இல்லாததற்குச் சான்றாகக் காட்டினார். காண்ட் மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக்கக் கூடாது என்ற உயர்ந்த விதியைத் தந்தவர். அந்த விதி விலங்குக்குப் பொருந்தாது. விலங்கிடம் கொடுமை காட்டப் பழகியவன் மனிதரிடமும் காட்டுவான் என்பதால் மட்டுமே அதைத் தவிர்க்க வேண்டும் என்றார். லைப்னிட்ஸ் ஒரு சிறு புழுவை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு மீண்டும் பத்திரமாக இலையில் விட்டதைக் காண்டே பாராட்டிச் சொல்கிறார். அங்கேயும் அக்கறை புழுவின் மேல் இல்லை, மனிதரின் குணத்தின் மேல்தான். 1789-இல் வெளியான நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் பெந்தம் கேள்வியையே மாற்றினார். அவை சிந்திக்குமா, பேசுமா என்பதை விட்டுவிட்டு, அவற்றுக்கு வலிக்குமா என்று கேட்டார். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்துத் தத்துவ ஆசிரியர் பீட்டர் சிங்கர் அதிலிருந்துதான் தன் விலங்கு விடுதலை வாதத்தையே கட்டினார்.

ஆனால் பெந்தமின் கேள்வி நீதிமன்றங்களில் எடுபடவில்லை. அங்கே இன்றும் அறிவுக்குத்தான் மதிப்பெண். ஹேப்பியின் வழக்கறிஞர்கள் கண்ணாடிச் சோதனையை முன்வைத்ததும் அதனால்தான். அந்தச் சோதனையை 1970-இல் சிம்பன்சிகளிடம் முதலில் நடத்தியவர் கோர்டன் கேலப். நாய்கள் இதில் தோற்கும். நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. அதன் சிறுநீர் வாசனையையே மாற்றிவைத்து ஆராய்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், தன் வாசனையில் கலந்த மாற்றத்தை நாய்கள் நின்று நிதானித்து முகர்வதைக் காட்டினார். 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர் மசானோரி கோடாவின் குழு, பெரிய மீன்களின் உடலில் ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவு செய்யும் விரலளவு மீன் ஒன்று கண்ணாடிச் சோதனையில் தேறியதாக அறிவித்தது. கேலப்பே அதை ஏற்கவில்லை. யானை தேறினால் யானை புத்திசாலி, மீன் தேறினால் சோதனையில் கோளாறு என்று ஆகிவிட்டது. கருவி செய்வது, எண்ணுவது, துக்கம் காப்பது, எதிர்காலத்துக்குத் திட்டமிடுவது என மனிதருக்கு மட்டுமே என்று வைத்திருந்த ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விலங்கு வந்து நிற்கும்போது, தேர்வுத்தாளே மாற்றப்படுகிறது.

தேர்வு வைப்பதே தவறு என்பதை இன்னும் கூர்மையாக உணர்த்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பெற்றவர்களும். 2014-இல் டாமி என்ற சிம்பன்சிக்கான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, கடமைகளை ஏற்க முடியாத உயிருக்கு உரிமையும் இல்லை என்றது. கைக்குழந்தைக்கும், நினைவு தப்பிக் கிடப்பவருக்கும் எந்தக் கடமை இருக்கிறது? இந்தப் பதில் கேள்வியைத்தான் சிங்கரும் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார். கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள மனிதரைவிடச் சிம்பன்சிக்குத் திறன் அதிகமென்றால், மனிதரை மட்டும் உயர்த்திப் பிடிப்பதற்கு என்ன நியாயம் என்பார். ஈவா கிட்டே என்ற தத்துவப் பேராசிரியைக்கு அத்தகைய குறைபாடுள்ள மகள். 2008-இல் நியூயார்க்கில் நடந்த கருத்தரங்கில் சிங்கர் எதிரிலேயே அமர்ந்திருக்க, மகளை நாயோடும் பன்றியோடும் நிறுத்தித் திறன் அளக்கும் அந்த முறையையே அவர் எதிர்த்தார். மகள் மதிப்புப் பெறுவது திறன்களின் கூட்டுத்தொகையால் இல்லை. ஒரு தாயின் பிள்ளையாக, மனிதக் குடும்பத்தில் ஒருத்தியாகப் பெறுகிறாள் என்பது அவர் நிலை.

கிட்டே சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை விலங்குக்கு எதிரானது என்று நினைக்க வேண்டியதில்லை. 1978-இல் தத்துவ ஆசிரியர் கோரா டயமண்ட் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு வழி காட்டுகிறது. விபத்தில் இறந்த மனிதரின் உடல் உண்ணத் தகுந்ததாகவே இருந்தாலும் நாம் ஏன் உண்பதில்லை? இறந்தவருக்கு வலியும் இல்லை, விருப்பமும் இல்லை, திறனும் இல்லை. ஆயினும் அது நமக்கு உணவுப் பொருள் ஆகாது. மனிதர் என்பவர் யார் என்பதை நாம் எந்தச் சோதனை நடத்தியும் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்து, ஒரே பந்தியில் அமர்ந்து, இறந்தவரை எடுத்து அடக்கம் செய்து, அந்தப் பழக்கங்களின் வழியே உருவாக்கியிருக்கிறோம். விலங்கையும் கூட வாழும் உயிராகக் காணும் பார்வை அதே வழியில் வளர முடியும் என்பது டயமண்டின் எண்ணம். அதற்கு அறிவுச் சான்றிதழ் தேவையில்லை. கார்டனின் கோபத்தையும் ஹேப்பியின் வேலியையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பார்த்தால், இதுவே சரியான இடமாகத் தெரிகிறது. மனித மாண்பைக் கைவிடத் தேவையில்லை. மற்ற உயிர்களைத் தாழ்த்தித்தான் அந்த மாண்பு நிற்கும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் போதும். கார்டனுக்கு 1906-இல் அந்த வசதி இல்லை. அவர் இனத்துக்கு எதிராக அன்று குரங்கே ஆயுதமாக்கப்பட்டிருந்தது. இன்றைக்கு நமக்கு அந்த வசதி இருக்கிறது.

இந்திய நீதிமன்றங்களும் இதே பாதையில் நடந்து பார்த்தன. 2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் என்பதில் விலங்கின் உயிரும் அடங்கும் என்றார்கள். மனிதரை மையமாக வைத்த பார்வையிலிருந்து இயற்கையை மையமாக வைத்த பார்வைக்கு நகர வேண்டும் என்றும் எழுதினார்கள். பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலை, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம் என்ற ஐந்தும் விலங்குகளுக்கு உண்டு என்றார்கள். வாலைத் திருகுவது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்ப்பது போன்ற கொடுமைகளும் அந்தத் தீர்ப்பில் பதிவாகின. பிறகு 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட கூட்டத்தையும், ஜல்லிக்கட்டை மீண்டும் அனுமதித்த மாநிலச் சட்டத் திருத்தத்தையும் தமிழ் வாசகர் அறிவார். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்வதற்கு முன்னுதாரணம் இல்லை என்று அமர்வு ஒதுங்கிக்கொண்டது.

அந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் மற்றதன் வலுவான வாதத்தைக் கேட்கவே இல்லை. காளைக்குப் பெயர் வைத்து, வீட்டுப் பிள்ளைபோல வளர்த்து, இறந்தால் மாலை போட்டுப் புதைக்கும் மதுரை, சிவகங்கைக் கிராமத்து உறவு டயமண்ட் சொல்லும் அதே உறவுதான். புலிக்குளம் காளைகள் டிராக்டர் காலத்திலும் மிஞ்சியிருப்பதில் அந்த உறவுக்குப் பெரும் பங்குண்டு. அதேசமயம், வாடிவாசலுக்குள் தள்ளப்படும் காளை மிரள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் மறுக்க முடியாது. உறவு இருக்கும் இடத்தில் கொடுமை இருக்காது என்று எந்தக் குடும்பத்திலும் விதி இல்லை.

காளைக்காவது தெருவில் இறங்க ஆளிருந்தது. யானைக்கு வழக்கறிஞர் இருந்தார். உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றில் எதற்கும் பெயர் இல்லை. கண்ணாடியில் தன்னை அறியும் அறிவை அளவாக வைத்த சட்டப் போராட்டங்கள் அவற்றின் பக்கமே வருவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ உச்ச நீதிமன்றமும் ஐந்து யானைகளுக்கான ஆட்கொணர்வு மனுவை ஒருமனதாகத் தள்ளியது. ஐந்து யானைகளுக்கே இந்த நிலை என்றால், முட்டைக் கோழிக்கு ஆட்கொணர்வு மனு என்பதை யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

ஆனால் கோழிக்கு அது தேவையும் இல்லை. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், ஒரு விலங்கு நியாயமான அளவு அசைய முடியாதபடி நீளமோ அகலமோ உயரமோ போதாத கூண்டில் அதை வைப்பது குற்றம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. நாமக்கல் வட்டாரத்தின் கோழிப்பண்ணைகள் உட்பட இந்தியாவின் பெரும்பாலான முட்டைப் பண்ணைகளில் அடுக்குக் கம்பிக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். சிறகை விரிக்க முடியாது. மண்ணைக் கிளறிப் புரளவும், மறைவாக அமர்ந்து முட்டையிடவும் வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்திருக்கிறது.

இதற்கு எதிரே நிற்கும் வாதம் மானுடவாதத்தின் மிக நல்ல முகம். தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. வீட்டில் முட்டை வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது எலும்பிலும் தசையிலும் போய்ச் சேரும் சத்து. கூண்டை அகலமாக்கினால் முட்டை விலை ஏறும். அந்தச் சுமை பிள்ளையின் தட்டில் விழுந்தால் அது ஏற்க முடியாத அநீதி. சிறு பண்ணையாளரின் கடனையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். எனவே செலவு யார் தலையில் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சத்துணவுக்கு முட்டை வாங்குவது அரசு; கோடிக்கணக்கில் ஒப்பந்தப்புள்ளி கோரித்தான் வாங்குகிறது. முட்டை எத்தனை கிராம் இருக்க வேண்டும், எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட முடிந்த கொள்முதலில், கூண்டின் பரப்பளவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, கூடுதல் விலையை அரசே ஏற்று, பண்ணையாளருக்கு மாறுவதற்குச் சில ஆண்டு அவகாசமும் கொடுக்கலாம். அதற்கு எந்த உச்ச நீதிமன்றமும் கோழியை நபர் என்று அறிவிக்கத் தேவையில்லை. சட்டம் இருக்கிறது, வாங்குபவரும் இருக்கிறார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர வேண்டும்.